அசனத்துக்கு எதற்கு டோக்கன்?

கொட்டிவாக்கம் சபையாருக்கும் கமிட்டி அண்ணாச்சிமாருக்கும் ஸ்தோத்திரம்.

அறுப்பின் பண்டிகை நல்லபடியாக முடிந்ததாம். ஏலத்தில் பூசணிக்காய் என்ன விலைக்குப் போனது, யார் வீம்புக்கு ஏற்றிவிட்டார் என்பதெல்லாம் அன்று இரவே லண்டன் வந்து சேர்ந்துவிட்டது. கூடவே ஒரு படமும் வந்தது. பச்சை அட்டையில் அச்சடித்த டோக்கன்: 'அசன விருந்து. சந்தா செலுத்திய குடும்பங்களுக்கு மட்டும்.' கீழே கமிட்டியின் ரப்பர் ஸ்டாம்ப். பக்கத்து மீனவர் குப்பத்திலிருந்து வந்தவர்களை வாட்ச்மேன் கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டாராம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அசனம் மெட்ராஸ் வழக்கமில்லை. நம் அப்பாமார் நெல்லைச் சீமையிலிருந்து வேலை தேடி வந்தபோது கூடவே கொண்டுவந்தது. அங்கே பண்டிகை என்றால் ஊருக்கே கறிச்சோறு. சாப்பிட்டது போக வாளியில் வீட்டுக்கும் வாங்கிப் போவார்கள். இங்கேயும் அப்படித்தானே இருந்தது? குப்பத்து ஆயாக்கள் தூக்குவாளியோடு நிற்பார்கள். அப்பா அண்டாவின் அடிவரை கரண்டியை விட்டு, கறித்துண்டாகப் பார்த்து அள்ளிப் போடுவார். மேலாக அள்ளினால் அம்மா முறைப்பாள்.

கமிட்டியில் ஒரு அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். குழம்பு பற்றவில்லை என்றார் முதலில். மிசோரம் சபைகளில் 1910 முதல் வீட்டுக்கு வீடு சமைக்கிற நேரமெல்லாம் ஒரு பிடி அரிசி ஊழியத்துக்கென்று எடுத்து வைக்கிறார்கள். மலைநாட்டு ஏழை ஜனங்கள் தொடங்கியது. ஈசிஆர் ஓரம் வீடு வாங்கிய நமக்கா பற்றவில்லை?

பிறகுதான் உண்மையான காரணம் வந்தது. "தம்பி, காலம் சரியில்லை. வெளியாளுக்குச் சோறு போட்டால் மதமாற்றம் என்பான்." அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் 2002-ல் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2004-ல் தேர்தலில் அடிபட்ட பிறகுதான் பின்வாங்கியது. இடையில் வந்த பண்டிகைகளிலும் நம் கேட் திறந்துதான் கிடந்தது. இலையோடு கைப்பிரதி வைக்காதீர்கள், மைக்கில் அழைப்பு விடாதீர்கள். வெறும் சோறு போடுங்கள். அதை எவன் வேண்டுமானாலும் வீடியோ எடுத்துக்கொள்ளட்டும்.

சாட்சி நேரத்தையும் யூடியூபில் பார்த்தேன். ஒருவருக்கு இரண்டாவது ஃபிளாட். ஒருவர் மகனுக்கு கனடா பி.ஆர். எனக்கு விசா கிடைத்தபோது அம்மாவும் அதே மைக்கில் அழுதுகொண்டே சாட்சி சொன்னவள்தான், அதனால் குறை சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது யார்? எல்லாம் நாமே. கர்த்தர் உங்களுக்குக் கொடுத்தார் என்பது குப்பத்துக்கு எப்படித் தெரியும், அதில் ஒரு கரண்டி அவர்கள் வாளியில் விழாவிட்டால்?

வெள்ளாளன்விளை அசரியாவின் படம் ஆபீஸ் அறையில் இன்னும் தொங்குகிறதா? 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். அந்நியக் காசு வேண்டாம், நம் ஆள், நம் பணம் என்று நிஜாம் சீமைக்கு ஊழியரை அனுப்பிய சங்கம். பின்னால் தோர்ணக்கல் பேராயரானபோது, ஞானஸ்நானம் பெற்றவர்களை அவரவர் தலையில் கைவைத்து, சுவிசேஷத்தை அறிவிக்காவிட்டால் எனக்கு ஐயோ என்று பவுல் சொன்னதைச் சொல்லவைப்பாராம். பெரும்பாலும் கூலிக்காரர்கள் அவர்கள். அவர்கள் தலையில் ஏறிய பாரம் நமக்கு டோக்கனாகிவிட்டது.

நான் லண்டனுக்கு வந்த புதிதில், வேலை கிடைக்கும்வரை, சவுத்ஹால் குருத்வாராவில்தான் பல நாள் சாப்பாடு. தலையில் துணி கட்டிக்கொள்ளச் சொன்னார்கள், அவ்வளவுதான். எந்த மதம் என்றுகூடக் கேட்கவில்லை. இப்போது எங்கள் சபையின் உணவு வங்கியில் நான் டின் அடுக்குகிறேன். இந்த உணவு வங்கி ஏற்பாடு 2000-ல் சாலிஸ்பரியில் ஒரு கிறிஸ்தவத் தம்பதி வீட்டுக் கொட்டகையில் தொடங்கியது, இன்று இந்த நாடு முழுக்க இருக்கிறது. "அங்கேயும் சீட்டு உண்டே" என்று அண்ணாச்சி மடக்கினார். உண்டு. அது இல்லாதவனுக்குக் கொடுக்கிற சீட்டு. நீங்கள் அச்சடித்தது இருக்கிறவனுக்கு.

பெட்டி கட்டிப் போனவன் அங்கே உட்கார்ந்துகொண்டு பிரசங்கம் பண்ணுகிறான் என்பீர்கள். பண்ணுகிறேன்தான். 2015 டிசம்பர் மழையில் மீனவர்கள் படகுகளை வண்டியில் ஏற்றி ஊருக்குள் கொண்டுவந்து ஆட்களை மீட்டபோது, என் அப்பாவை நாற்காலியோடு மாடியிலிருந்து இறக்கியவர்கள் குப்பத்துப் பையன்கள். மகன் இங்கே கையில் போனோடு நின்றான். அதற்கு முன் 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கடல் உள்ளே வந்தபோது கேட்டை அகலத் திறந்துவிட்டோமே, அன்று யாரிடம் சந்தா ரசீது கேட்டோம்?

அண்ணாச்சி, அக்காமாரே, கெஞ்சித்தான் கேட்கிறேன். அடுத்த அசனத்துக்கு ஆடும் அரிசியும் என் பங்காக இருக்கட்டும். கல்வெட்டு, உபயம் போர்டு ஒன்றும் வேண்டாம். பண்டிகைக்கு வரலாமென்று இருக்கிறேன். நான் சந்தா கட்டி வருஷக்கணக்காகிறது. என் பெயர் பதிவேட்டிலிருந்து எடுபட்டிருக்கும். உங்கள் விதிப்படி எனக்கும் இலை கிடையாது. குப்பத்து ஆட்களோடு கேட்டுக்கு வெளியே நிற்கவேண்டியதுதானா என்று கமிட்டி கூடிப் பேசி எழுதுங்கள்; டிக்கெட் அதற்கப்புறம்தான் போடுவேன்.

இப்படிக்கு,
உங்கள் பழைய பாடகர் குழுத் தம்பி