வாயை அடைத்தால் வலி தீருமா?



போன ஐப்பசி மழையில் எங்கள் தெருவில் மின்சாரம் அடிக்கடி போய் வந்தது. அதன் பிறகு கணினியைப் போடும்போதெல்லாம் கறுப்புத் திரை வந்து, டிஸ்கைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லும். முடிய அரை மணி நேரம் ஆகும். ஊரிலிருந்து வந்த தங்கை மகன், "தொல்லையா இருக்கே மாமா, நிறுத்திடறேன்" என்று ஒரு வரி தட்டினான். மறுநாளிலிருந்து அந்தத் திரையே வரவில்லை. எனக்கும் சந்தோஷம்தான்.

மூன்றாவது வாரம், உங்கள் வகுப்புப் படங்களை ஸ்கேன் செய்து வைத்திருந்த ஃபோல்டர் திறக்கவில்லை. கடைக்காரர் பாதியைத்தான் மீட்டுக் கொடுத்தார்.

பிறகுதான் விஷயம் புரிந்தது. விண்டோஸ் காரணமில்லாமல் தானாகச் சோதிப்பதில்லை. கோப்புகளின் கணக்கில் பிசகு இருப்பதாகச் சந்தேகம் வந்தால் அந்த டிரைவில் ஓர் அடையாளம் போட்டு வைக்கும். அடுத்த முறை கணினியைப் போடும்போது அதைப் பார்த்துத்தான் சோதனை நடக்கிறது. பிள்ளை தட்டிய வரி அந்த அடையாளத்தை அழிக்கவில்லை, பிசகைச் சரிசெய்யவும் இல்லை. "இந்த டிரைவைப் பார்க்காதே" என்று மட்டும் சொல்லியிருக்கிறது.

வகுப்பில் ஒரு பையன் தினமும் எழுந்து "வயிறு வலிக்குது சார்" என்பான். "உட்காருடா" என்றால் உட்கார்ந்துவிடுவான். வலி உட்காருமா?

சோதனையை நிறுத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அவசர வேலை இருந்தால், திரையில் விநாடிகள் எண்ணும்போதே ஏதாவது ஒரு பட்டனை அழுத்தினால் அன்றைக்கு மட்டும் விட்டுவிடும். ஆனால் தினமும் வந்தால், முதல் வேலையாக முக்கியமானவற்றை வேறொரு டிஸ்கில் நகல் எடுங்கள். சாகும் நிலையில் உள்ள டிஸ்க், நீண்ட சோதனையின் நடுவிலேயே போய்விடலாம். அதன் பிறகு ஒருமுறை சோதனையை முழுதாக முடிய விடுங்கள். அப்படியும் வந்தால் டிஸ்கையும் கேபிளையும் தெரிந்தவரிடம் காட்டுங்கள். எல்லாம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு நிறுத்துவதானால் நிறுத்துங்கள்.

பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். "ஏன்?" என்று கேளுங்கள் என்று உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்த நான், அன்றைக்குக் கேட்கவில்லை.

ஒரு வேண்டுகோள். 1994 பத்தாம் வகுப்புப் படம் யாரிடமாவது இருந்தால் ஒரு நகல் அனுப்புங்கள். இந்த முறை இரண்டு இடத்தில் வைத்துக்கொள்கிறேன்.

என்றும் அன்புடன்,
உங்கள் சார்