கேழ்வரகின் மேல் குற்றமா?

கேழ்வரகு மாவில் பேக்கரி ரொட்டி செய்து பார்த்தவர்கள், "உப்பவே இல்லை, செங்கல் மாதிரி இருக்கிறது" என்று தானியத்தின் மேல் பழி போடுவதுண்டு. இது நியாயந்தானா? மாணவ நண்பர்களே, நாமே விசாரித்துப் பார்ப்போம்.

ஒரு பிடி கோதுமை மாவைக் கெட்டியாகப் பிசைந்து அரைமணி நேரம் ஊறவிடுங்கள். பிறகு தண்ணீரில் கசக்கிக் கழுவுங்கள். மாவுச்சத்து பால்போல் கரைந்து போகும். கையில் ரப்பர் போன்ற ஒரு பொருள் மிஞ்சும். அதுதான் குளூட்டன் என்னும் புரதம். கேழ்வரகு மாவையும் அவ்வாறே கழுவுங்கள். ரப்பர் போல் எதுவும் மிஞ்சாது.

ஈஸ்ட் சர்க்கரையை நொதிக்கச் செய்து கரியமில வாயுவை வெளியிடுகிறது. குளூட்டன் வலை பலூன் போல் விரிந்து அதைப் பிடித்துக்கொள்கிறது. அடுப்பில் வெப்பநிலை 303 கெல்வினிலிருந்து 363 கெல்வினுக்கு உயரும்போது, சார்லஸ் விதிப்படி வாயுவின் பருமன் ஐந்தில் ஒரு பங்கு கூடும். நீராவியும் சேர்ந்து ரொட்டியை மேலும் உப்ப வைக்கும். கேழ்வரகு மாவிலும் வாயு உண்டாகிறது. பிடித்துவைக்க வலை இல்லாததால் தப்பிவிடுகிறது.

அரிசியிலும் குளூட்டன் கிடையாது. ஆனாலும் இட்லி உப்புகிறதே! உளுந்தின் புரதமும் வழவழப்பும் அங்கே வாயுவைப் பிடித்துவைக்கின்றன. ஆகவே குற்றம் தானியத்தில் இல்லை, செய்முறையில்தான். கோதுமையோடு கால் பங்கு கேழ்வரகு கலந்தால் ரொட்டி ஓரளவு உப்பும். முழுவதும் கேழ்வரகே வேண்டுமானால் உளுந்தைத் துணைக்கு அழையுங்கள்.

கேளம்பாக்கம் பக்கத்து மாணவர்களுக்கு உப்பளம் புதிதல்ல. 500 கிராம் மாவுக்கு 10 கிராம் உப்பு, ஈஸ்டின் வேகத்தை மட்டுப்படுத்தும். குளூட்டன் வலையை இறுக்கும். கடற்கரை வெக்கையில் மாவு சீக்கிரம் புளிக்குமாதலால் இதை மறவாதீர்கள்.

2023ஆம் ஆண்டை ஐ.நா. சபை சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. சிறுதானியத்தின் பெயருக்கு இன்று மதிப்பு உண்டு. அதனால் 'கேழ்வரகு ரொட்டி' என்ற உறையைக் கண்டால் பின்புறத்தையும் படியுங்கள். எடை மிகுந்த பொருளை முதலில் வைத்து வரிசையாக எழுதவேண்டும் என்பது விதி. மைதா முதலிலும் கேழ்வரகு கடைசியிலும் இருந்தால், நீங்கள் பெயருக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் உண்டு. மைதாவில் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

கோதுமையின் குணத்தை வைத்து எல்லாத் தானியங்களையும் எடைபோடுவது அறிவியல் ஆகாது. ஒவ்வொன்றின் குணத்தையும் அறிந்து பயன்படுத்துவதே அறிவியல். அதற்கு உங்கள் வீட்டுச் சமையலறையே போதும்.