புல்லிய மாத்துறதுக்கு முன்னாடி கிராங்க்கைப் பாருங்க

வேங்கிக்கால்ல கலெக்டர் ஆபீஸைத் தாண்டிப் போனா ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கு. டிராக்டர் வேலைதான் அங்க பிரதானம். போன வருஷம் எங்க சீனியர்கள் நாலு பேர் தங்களோட ஃபைனல் இயர் புராஜெக்ட்டை அந்தப் பட்டறையோட ஒரு மூலையில வெச்சுதான் கட்டினாங்க. பழைய 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், அதுமேல சென்னை புதுப்பேட்டையில பேரம் பேசி வாங்கின எம்45 சூப்பர்சார்ஜர். முதல் நாள் ஸ்டார்ட் ஆனப்போ வந்த அந்த விசில் சத்தத்துக்கு நாங்க எல்லாரும் கை தட்டினோம். மூணு வாரம் நல்லா ஓடுச்சு. எக்ஸ்போவுக்கு நாலு நாள் முன்னாடி சூப்பர்சார்ஜர்ல இருந்த 120 மில்லி புல்லியைக் கழட்டிட்டு 100 மில்லி புல்லி போட்டாங்க. "கொஞ்சம் பவர் கூடட்டும்டா" அவ்வளவுதான் காரணம். எக்ஸ்போவுக்கு முந்தின நாள் சாயங்காலம் கிராங்க் ஷாஃப்ட் முதல் ஜர்னல் பக்கத்துல விரிசல் விட்டு நின்னுபோச்சு. நாலு பேர்ல ஒருத்தர் இந்த இன்ஜினுக்காகத் தன் பைக்கையே வித்திருந்தார்.

அந்த விரிசலைப் பார்த்த பட்டறை அண்ணன் சொன்னது: "தம்பி, காத்து எவ்ளோ உள்ள போவுதுன்னு பாத்தீங்க. அந்த அடிய யார் வாங்கறான்னு பாக்கல."

அதுக்கப்புறம் எங்க கேங்ல ஒரு தீர்ப்பு பரவிடுச்சு: "பெரிய சூப்பர்சார்ஜர் போட்டா கிராங்க் உடையும், சின்னது போட்டா சேஃப்." இதோட எனக்கு உடன்பாடு இல்ல. இது பாதி உண்மை. பாதி உண்மையை நம்பி அடுத்த இன்ஜினைக் கட்டினா அதுவும் உடையும்.

கணக்கைப் பார்ப்போம். 1.2 லிட்டர் ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் ஒரு சுத்துக்கு 0.6 லிட்டர் இழுக்கும். வால்யூமெட்ரிக் எஃபிஷியன்சி 85 சதவீதம்னு எடுத்தா 0.51 லிட்டர். ஈட்டன் எம்45ன்னா ஒரு சுத்துக்கு 45 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 0.74 லிட்டர். (பெயர்லயே சைஸ் இருக்கு. ஆனா ஹாட் ராட் வீடியோக்கள்ல வர்ற 6-71 வேற கதை. ஒரு சிலிண்டருக்கு 71 கன அங்குலம் உள்ள, ஆறு சிலிண்டர் டெட்ராய்ட் டீசல் லாரி இன்ஜின்ல இருந்து கழட்டின புளோவர்னு அர்த்தம்.) எம்45ஐ இன்ஜினோட அதே வேகத்துல சுத்தினா, கசிவு போக 0.63 லிட்டர் தள்ளும். 0.51 கேக்குற இடத்துல 0.63. அடர்த்தி 1.23 மடங்கு. இன்டர்கூலர் இல்லேன்னா காத்து சூடாகுறதையும் சேர்த்து பூஸ்ட் அரை பார் பக்கம் வரும். முதல் மூணு வாரம் ஓடினது இந்த நிலைமையில.

இப்போ 120க்குப் பதிலா 100 புல்லி. வேகம் 20 சதவீதம்தான் கூடுச்சு. ஆனா அடர்த்தி 1.48 மடங்குக்குப் போகணும். அதுக்குள்ள காத்து சூடாகி விரிய, அழுத்தம் இன்னும் ஏற, கணக்கு 1.1 பார் பூஸ்ட்ல போய் நிக்குது. கூடுதல் கசிவைக் கழிச்சாலும் 1 பாருக்குக் கிட்ட. புல்லியில 20 சதவீதம், பூஸ்ட்ல இரண்டு மடங்கு! உள்ள போற காத்து 140, 150 டிகிரி. அந்தச் சூட்டுல பெட்ரோல் நாக் ஆகாம இருந்தாத்தான் ஆச்சரியம்.

இனி கிராங்க் பக்கம் வருவோம். சிலிண்டர் விட்டம் 73 மில்லி. பூஸ்ட் இல்லாதப்போ உச்ச அழுத்தம் சுமார் 60 பார்னு வெச்சுக்கிட்டா, பிஸ்டன் மேல விழுற விசை இரண்டரை டன். அரை பார் பூஸ்ட்ல அது மூணரை டன் ஆகும். 1.1 பார்ல நாலே கால் டன். இது நாக் இல்லாம, ஸ்பார்க் டைமிங் சரியா இருந்தா வர்ற கணக்கு. நாக் வந்துட்டா அதுக்கு மேல சுத்தியல் அடி. ஒவ்வொரு அடியும் ஜர்னலுக்கும் வெப்புக்கும் நடுவுல இருக்குற ஃபில்லெட்ல போய் குவியும். விரிசல் பெரும்பாலும் அங்கதான் பிறக்கும்.

இப்போ சைஸ் விஷயம். இதே அரை பாரை ஒரு குட்டி சூப்பர்சார்ஜர்ல எடுக்கணும்னா அதை இரண்டு மடங்கு வேகத்துல விரட்டணும். எஃபிஷியன்சி 60ல இருந்து 45க்கு இறங்குச்சுன்னா, 27 டிகிரில உள்ள போற காத்து 88 டிகிரிக்குப் பதிலா 109 டிகிரில வெளிய வரும். (எங்க ஊர் ஏப்ரல் மாச வெயிலுக்கு அந்த 27ஐயும் திருத்திக்கோங்க.) நாக் அபாயம் கூடும், சுத்துறதுக்கு கிராங்க்ல இருந்து உறிஞ்சுற பவரும் கூடும். அதனால நிதானமா சுத்துற பெரிய சூப்பர்சார்ஜர்தான் பல நேரம் கிராங்க்குக்கு நண்பன். கிராங்க்கை உடைக்குறது சூப்பர்சார்ஜரோட உடம்பு இல்ல, நாம குறைக்குற புல்லி.

பெல்ட்டையும் யாரும் யோசிக்கிறதில்ல. எங்க கணக்குல அரை பார் பூஸ்ட்டுக்கே, 6000 ஆர்.பி.எம்ல, சூப்பர்சார்ஜர் ஆறேழு எச்.பி. தின்னுது. அந்த பெல்ட்டோட இழுவை கிராங்க் மூக்கை எந்நேரமும் ஒரே பக்கமா வளைக்குது. ஆல்டர்நேட்டர் பெல்ட்டுக்காக டிசைன் பண்ணின மூக்கு அது. டாம்ப்பர் புல்லியைக் கழட்டிட்டு லேத்துல கடைஞ்ச அலுமினியப் புல்லி போட்டிருந்தா, டார்ஷனல் வைப்ரேஷனை அடக்குறதுக்கும் ஆள் இல்ல. சீனியர்கள் செஞ்சதும் அதைத்தான். அழகா இருந்துச்சு, அதையும் சொல்லணும்.

இன்னொரு விஷயம். ரூட்ஸ் மாதிரி பாசிட்டிவ் டிஸ்பிளேஸ்மென்ட் சூப்பர்சார்ஜர் 2000 ஆர்.பி.எம்லயே கிட்டத்தட்ட முழு பூஸ்ட் கொடுத்துடும். அதிக வேகத்துல பிஸ்டனோட இனெர்ஷியா, டாப் டெட் சென்டர் பக்கத்துல எரி அழுத்தத்துல கொஞ்சத்தைத் தாங்கிக்கும். குறைஞ்ச வேகத்துல அந்தத் துணையும் கிடையாது, ஆயில் படலமும் மெல்லிசு. முழு அடியும் நேரா கிராங்க்குக்கு. சென்ட்ரிஃப்யூகல் ரகமோ வேகத்தோட இருபடிக்கு ஏத்தமாதிரி பூஸ்ட் கொடுக்கும், கீழ அமைதியா இருக்கும். சிட்டியில ஓட்ட அது சுவாரசியம் இல்லதான். ஆனா நம்மகிட்ட இருக்குறது பழைய கிராங்க்.

இதெல்லாம் ரேஸ் கார்க்காரங்க விஷயம்னு நினைச்சா, நம்ம ரயில்வேயைப் பாருங்க. 1962ல அமெரிக்க ஆல்கோ கம்பெனியில இருந்து வந்து, பிறகு வாரணாசியில கட்டின டபிள்யூ.டி.எம்-2 டீசல் இன்ஜின் 16 சிலிண்டர், 2600 எச்.பி. ஒரு சிலிண்டரோட விட்டமே 9 அங்குலம். ரயில்வே ஆளுங்க அதோட டர்போவை டி.எஸ்.சி.ன்னு சொல்லுவாங்க, டர்போ சூப்பர்சார்ஜர். பொன்மலை, ஈரோடு ஷெட்டுகள்ல இருந்தவங்களுக்கு இது தினசரி வார்த்தை. அதே 16 சிலிண்டரை டபிள்யூ.டி.எம்-3ஏ ஆக்கி 3100 எச்.பி.க்குக் கொண்டுபோனப்போ, பெரிய டர்போவை மாட்டிட்டுக் கையைத் தட்டிக்கல. எஃபிஷியன்சி கூடின டர்போ, அதோட பெரிய ஆஃப்டர்கூலர், ஸ்டீல் தலை வெச்ச பிஸ்டன், விறைப்பு கூடின கேம்ஷாஃப்ட், 15 மில்லிக்குப் பதிலா 17 மில்லி ஃபியூயல் பம்ப். இத்தனையும் சேர்ந்து கிடைச்சது 19 சதவீதம். நாம ஒரு புல்லியை மாத்திட்டு 40 சதவீதம் கேக்குறோம்.

எனக்குக் கோபம் சீனியர்கள் மேல இல்ல. மூணு ரிவ்யூவுலயும் அவங்ககிட்ட கேட்ட முதல் கேள்வி "எவ்வளவு எச்.பி. கூடுச்சு?" கிராங்க்ல ஸ்ட்ரெஸ் எவ்வளவு, ஃபாக்டர் ஆஃப் சேஃப்டி எவ்வளவுன்னு யாரும் கேக்கல. மெஷின் டிசைன் பேப்பர்ல ஷாஃப்ட் கணக்குக்கு 16 மார்க் எழுதின அதே பசங்கதான். டார்க் 1.4 மடங்கானா, அதே ஸ்ட்ரெஸ்ல நிக்க ஷாஃப்ட் விட்டம் 12 சதவீதம் கூடணும்னு அவங்களுக்குத் தெரியும். ஓடிட்டிருக்கிற கிராங்க்கைத் தடிமனாக்க முடியாது. அப்போ டார்க்கைத்தான் அளவா வெச்சுக்கணும். தாங்குற டார்க்கை முதல்ல முடிவு பண்ணி, அதுல இருந்து பூஸ்ட், பூஸ்ட்ல இருந்து காத்து, காத்துல இருந்து சைஸும் புல்லியும்னு பின்னாடியே நடந்து வரணும். நாம புதுப்பேட்டையில ஆரம்பிச்சு முன்னாடி ஓடுறோம்.

என் கோரிக்கை ரொம்பச் சின்னது. ஜீரோத் ரிவ்யூ ஃபார்ம்ல கிராங்க் கணக்குக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்க. இன்ஜின் கட்டுறதுக்கு முன்னாடி பழைய கிராங்க்கை டை பெனட்ரன்ட் போட்டுப் பாருங்க. சிவப்புத் திரவத்தை அடிச்சு, துடைச்சு, வெள்ளை டெவலப்பர் அடிச்சா விரிசல் கோடு தானா தெரியும். நம்ம லேப்லயே கிட் இருக்கு. போன வருஷமும் இருந்துச்சு, சீல் கூடப் பிரிக்காம.

இந்த வருஷம் எங்க டீம் அதே எம்45ஐத்தான் எடுத்துருக்கோம். சீனியர்கள் பாதி விலைக்குக் கொடுத்தாங்க. வேற கிராங்க், ஒரிஜினல் டாம்ப்பர், 120 மில்லி புல்லி, கூடவே லாரி ரேடியேட்டர் கடையில சொல்லிச் செஞ்ச இன்டர்கூலர். அந்த 100 மில்லி புல்லியைப் பட்டறை அண்ணன் யாருக்கும் தர்றதில்ல. அவர் மேசையில பில் பறக்காம இருக்க அதுதான் உக்காந்திருக்கு.