கல்லில் ஏறாத பதினான்கு பெயர்கள்

வேலூர் லாங் பஜாரில் ஒரு மணிக்கூண்டு இருக்கிறது. மூட்டை வண்டியும் ஆட்டோவும் முட்டிக்கொள்ளும் கடைத்தெரு; நின்று அண்ணாந்து பார்ப்பதற்கு அங்கே யாருக்கும் நேரமில்லை. பார்த்தால், பதித்திருக்கும் கல்லில் ஆங்கிலத்தில் ஒரு செய்தி: இந்தக் கிராமத்திலிருந்து 277 பேர் 1914-18 பெரும்போருக்குச் சென்றனர்; அவர்களில் 14 பேர் தம் உயிரை ஈந்தனர்.

கோட்டையும் கடைவீதியும் உள்ள வேலூரைப் போய்க் கிராமம் என்கிறதே என்று திகைக்க வேண்டாம். சென்னை மாகாணத்தின் சிற்றூர்கள் பலவற்றில் இதே வாசகம்தான் பதிக்கப்பட்டது. அச்சு ஒன்றுதான். ஊர்ப்பெயரும் இரண்டு எண்களும் மட்டும் மாறும். எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் திரும்பவில்லை என்பது கணக்கு. போனவர் யார், எந்தத் தெரு, யார் பிள்ளை என்பது அந்தக் கணக்கில் வராது.

இத்தனைக்கும் அந்தப் போர் தமிழர் வாயில் ஒரு பெயரை விட்டுப்போயிருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தை நெருங்கிய ஜெர்மானியக் கப்பல் எம்டன், எண்ணெய்க் கிடங்குகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல் உயர் நீதிமன்றச் சுவரில் இருக்கிறது. அதைப் படித்தவர்கள் சிலரே. ஆனாலும் சாமர்த்தியக்காரனை ‘சரியான எம்டன்’ என்று சொல்லாத ஊர் இல்லை. குண்டு போட்ட கப்பலின் பெயர் நாவில் நிலைத்துவிட்டது. நம் தெருவிலிருந்து போனவனின் பெயர் கல்லிலும் இல்லை, நாவிலும் இல்லை.

வெள்ளைக்காரன் காலத்துக் கணக்குப் புத்தி இது என்று ஒதுக்கிவிடலாம். பாதி உண்மைதான். ஈராக்கின் பஸ்ரா நினைவுச் சின்னத்திலும் அதிகாரிகளுக்குப் பெயர் வெட்டினார்கள். இந்தியச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக எண்ணிக்கையில் அடக்கினார்கள். இப்படிப்பட்ட பாகுபாட்டுக்காகக் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. நூறு ஆண்டு கழித்து வந்த மன்னிப்பு என்றாலும், பெயர் இல்லாததைக் குற்றம் என்று ஒப்புக்கொண்ட மன்னிப்பு.

அதே வேலூரிலிருந்து தெற்கே, செங்கம் பக்கம் போனால் வேறொரு வழக்கம் தெரியும். எடுத்தனூரில் ஒரு நடுகல். மகேந்திரவர்ம பல்லவனின் 34ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கப் போய் மாண்ட கருந்தேவகத்தி என்பவனுக்கு நட்டது. அவன் பெயரோடு கல் நிற்கவில்லை. இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற நாயையும் அவன் அருகில் செதுக்கி, அதன் பெயர் கோவிவன் என்றும் எழுதி வைத்தார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு மாட்டுச் சண்டையில் நின்ற நாய்க்குப் பெயர் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் கடல் தாண்டிப் போய்ச் செத்தவர்கள் பதினான்கு என்ற எண்ணாக நிற்கிறார்கள்.

வினைச்சொல்லையும் கவனிக்க வேண்டும். மணிக்கூண்டுக் கல் ‘ஈந்தனர்’ என்கிறது, யாரோ கேட்டுக் கையில் எடுத்துக் கொடுத்ததுபோல. நடுகல் ‘பட்டான்’ என்று நிறுத்திக்கொள்ளும். அடி பட்டான், புண் பட்டான் என்கிறோமே, அதே சொல். அதில் அலங்காரம் இல்லை. செத்தவனைச் செத்தான் என்று சொல்லும் நேர்மை இருக்கிறது.

நடுகல் காலத்தைப் பொற்காலம் ஆக்க இதைச் சொல்லவில்லை. எழுத்தே இல்லாத கற்கள் ஏராளம். மாடு பிடிக்கப் போனவனுக்கும் கல், மீட்கப் போனவனுக்கும் கல். அந்தச் சண்டையில் வீடிழந்தவர்களுக்குக் கல் இல்லை. இருக்கும் கற்களை நாம் நடத்தும் விதமும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. வேடியப்பன் என்று கும்பிடுகிற இடத்தில் கல் பிழைத்தது, எண்ணெயும் மஞ்சளும் ஏறி எழுத்து மங்கியது. கும்பிடாத இடத்தில் துவைக்கும் கல்லானது. மத்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகை நிற்கும் இடங்களில்கூட, சேதப்படுத்தினால் இரண்டாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டம் விரிவாகப் பேசும். எதைச் சேதப்படுத்தக் கூடாது என்று சொல்லப் பல இடங்களில் அந்தப் பலகைக்கு வரி போதவில்லை.

அகநானூற்றில் ஒரு காட்சி வருகிறது. பாலை வழியில் பழைய நடுகல், எழுத்து தேய்ந்திருக்கிறது. நடந்து களைத்த வழிப்போக்கர் கூட்டிப் படித்துப் பார்க்கத் தெம்பில்லாமல் விட்டுவிட்டுப் போகிறார்கள். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே சாலையோரக் கல்லின் விதி இதுதான். அவர்களுக்காவது கால் வலித்தது.

புதிய தூண் வேண்டும், வளைவு வேண்டும் என்று இவ்விதழ் கேட்கப் போவதில்லை. திறப்பு விழாக் கல்வெட்டில் திறந்துவைத்தவர் பெயர் எந்த அளவில் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். நாம் கேட்பது சிறிய வேலை. உங்கள் ஊர் வழியில் நிற்கும் கல் எதுவானாலும் அதன் வாசகத்தை எழுத்துப் பிசகாமல் படியெடுத்து அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து அதற்கென்று ஒரு பக்கம் ஒதுக்குகிறோம்.

வேலூர் வாசகர்களுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். அந்தப் போரில் இருந்த சிப்பாய்களுக்கு வெள்ளிப் பதக்கம் தந்தார்கள். இறந்தவர்களின் பதக்கம் வீட்டாருக்கு வந்தது. முகப்பில் ஐந்தாம் ஜார்ஜின் தலை இருக்கும். அதை விட்டுவிடுங்கள். விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். பெற்றவரின் எண்ணும் பெயரும் படைப்பிரிவும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கும். வெள்ளி விலைக்கு உருகாமல் யார் வீட்டுப் பரணிலாவது ஒன்று மிஞ்சியிருந்தால், பதினான்கில் ஒன்றை எண்ணிலிருந்து மீட்டுவிடலாம்.