வெளிநாடு செல்லும் மூத்த குடிமக்களுக்கான பயண மருத்துவக் காப்பீடு: பாலிசி வடிவமைப்பையும் பிரீமிய நிர்ணயத்தையும் சீர்செய்யக் கோரும் மனு

அனுப்புநர்
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
மூத்த குடிமக்கள் சங்கம்,
திருச்சிராப்பள்ளி.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் வளர்ச்சி ஆணையம்,
ஐதராபாத்.

நகல்: செயலர், நிதிச் சேவைகள் துறை, புது தில்லி; பொதுக் காப்பீட்டுக் கவுன்சில், மும்பை.

பொருள்: 60 வயதைக் கடந்தோர் வெளிநாட்டுப் பயணத்துக்கு எடுக்கும் மருத்துவக் காப்பீடு – பாலிசி அமைப்பையும் கட்டண முறையையும் மாற்றியமைக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

பள்ளி, வங்கி, ரயில்வே பணிமனை, பெல் தொழிற்சாலை ஆகியவற்றில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்கள்தான் எங்கள் சங்கத்தில் பெரும்பாலோர். பிள்ளைகள் அமெரிக்காவிலும் கனடாவிலும் சிங்கப்பூரிலும் ஐரோப்பாவிலும் இருக்கிறார்கள். நாங்கள் சுற்றிப்பார்க்க விமானம் ஏறுவது அபூர்வம். மகளுக்கோ மருமகளுக்கோ பேறுகாலம் என்றால் போகிறோம். குழந்தைக்கு ஐந்தாறு மாதம் ஆனபின் திரும்புகிறோம். எப்போது போவது என்பது எங்கள் கையில் இல்லை. பனிக்காலம், முழங்கால் வலி, போன மாதம்தான் சர்க்கரை மாத்திரையை மாற்றினார்கள் என்று எதைச் சொல்லியும் பயணத்தைத் தள்ளிப்போட முடியாது. இப்படிப் போகிறவர்களுக்கு இன்று விற்கப்படும் காப்பீடு எப்படி இருக்கிறது என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவரவே இம்மனு.

எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு நேர்ந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 68 வயதான ஓய்வுபெற்ற தலைமையாசிரியை அவர். மகளின் பிரசவத்துக்காக டெக்சாஸ் சென்றவருக்கு, குளியலறை ஈரத்தில் வழுக்கி விழுந்ததில் இடுப்பெலும்பு முறிந்தது. பாலிசியின் முதல் பக்கத்தில் காப்பீட்டுத் தொகை 50,000 டாலர் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. உள்ளே இருந்த ஓர் அட்டவணையை அவரும் பார்க்கவில்லை, விற்ற முகவரும் காட்டவில்லை. 60 வயதைக் கடந்தவர்களுக்கு அறை வாடகைக்கு நாளொன்றுக்கு இவ்வளவு, தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு இவ்வளவு, அறுவை சிகிச்சைக்கு இவ்வளவு, மயக்க மருந்து நிபுணருக்கு அறுவைக் கட்டணத்தில் ஒரு பங்கு என்று ஒவ்வொன்றுக்கும் அதில் உச்சவரம்பு போட்டிருந்தார்கள். எல்லாவற்றையும் கூட்டினாலும் முகப்பில் இருந்த தொகைக்குக் கிட்டவே வராது.

அதோடு விடவில்லை. அவர் பல வருடமாக இரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர். தலைசுற்றி விழுந்திருக்கலாம், எனவே இது முன்பே இருந்த நோயின் விளைவு என்று காப்பீட்டு நிறுவனம் கடிதம் எழுதியது. தரை ஈரமாக இருந்து வழுக்கியது என்று அவசரப் பிரிவின் பதிவிலேயே இருந்தது. அதை எடுத்து அனுப்பி, பல மாதம் மல்லுக்கட்டிய பிறகு வரம்புக்குட்பட்ட தொகை மட்டும் வந்தது. மீதியை மருமகன் மாதத் தவணையில் கட்டிவருகிறார். வாழ்நாள் முழுக்க யாரிடமும் கைநீட்டாத அந்த அம்மாவுக்கு மருமகனைக் கடனாளி ஆக்கிவிட்டோமே என்ற வேதனைதான் எலும்பு முறிவைவிடப் பெரிதாக இருக்கிறது.

இது தனி ஒருவரின் துரதிர்ஷ்டம் அல்ல, பாலிசியின் அமைப்பிலேயே உள்ள குறை. தங்கள் ஆணையம் கடந்த சில ஆண்டுகளில் மூத்தோருக்குச் செய்த நன்மைகளை நன்றியுடன் நினைக்கிறோம். 65 வயதோடு புதிய உடல்நலப் பாலிசியின் கதவு அடைபடும் நிலையை 2024 விதிகள் மாற்றின. முன்பே இருந்த நோய்க்கான காத்திருப்புக் காலம் 36 மாதத்துக்கு மேல் போகக் கூடாது என்றாயிற்று. 60 மாதம் தொடர்ந்து பிரீமியம் கட்டியவரின் கிளைமை, மோசடி நிரூபிக்கப்பட்டால் ஒழிய, நோயை மறைத்தார் என்று சொல்லி மறுக்க முடியாது. மூத்தோரின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் ஆணையத்தை முன்கூட்டியே கலந்தாலோசிக்க வேண்டும் என்று 30.01.2025 அன்று உத்தரவிட்டீர்கள். இவற்றில் ஒன்றுகூட விமானம் ஏறும் மூத்தவருக்குத் துணை வருவதில்லை.

காரணம் எளிது. பயணப் பாலிசி சில மாதத்துக்கானது. ஒவ்வொரு பயணத்துக்கும் புதிதாக எடுக்கிறோம். 180 நாள் பாலிசியில் 36 மாதக் காத்திருப்பு ஒருநாளும் முடியாது. 60 மாதம் ஒருநாளும் நிறைவடையாது. புதுப்பித்தல் என்பதே இல்லாததால் 10 சதவீதக் கட்டுப்பாடும் பொருந்துவதில்லை. 2019 செப்டம்பரில் விலக்குகளைத் தரப்படுத்தி ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் வரம்பிலும் பயணப் பாலிசிகள் சேர்க்கப்படவில்லை. ஆனால் சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. 2015 திருத்தத்துக்குப் பின் காப்பீட்டுச் சட்டம் 1938-இன் 2(6சி) பிரிவு, உடல்நலக் காப்பீட்டுத் தொழில் என்பதற்குள்ளேயே பயணக் காப்பையும் வைத்திருக்கிறது. சட்டம் ஒன்றாக வைத்ததை விதிகள் பிரித்து வைத்திருப்பதால் நாங்கள் நடுவில் நிற்கிறோம்.

ஆகவே எங்கள் முதன்மையான கோரிக்கை இது. உள்நாட்டில் ஒருவர் உடல்நலப் பாலிசி வைத்து, நோய்களை அறிவித்து, காத்திருப்புக் காலத்தையும் முடித்திருந்தால், அந்தத் தகுதி அவருடைய பயணப் பாலிசிக்கும் செல்லுபடியாக வேண்டும். முதற்கட்டமாக ஒரே நிறுவனத்தில் இரண்டும் இருப்பவர்களுக்காவது இதைக் கட்டாயமாக்கலாம். பத்து வருடமாக எங்கள் சர்க்கரையையும் அழுத்தத்தையும் பதிவில் வைத்துப் பிரீமியம் வாங்கிய அதே நிறுவனம், மீனம்பாக்கத்தில் விமானம் ஏறியதும் எங்களை முன்பின் தெரியாதவராக நடத்துவதற்கு நியாயம் இல்லை.

இதோடு சேர்ந்ததுதான் அடுத்த கோரிக்கையும். முன்பே இருந்த நோயை முற்றாக விலக்குவதற்குப் பதிலாக, கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு ஏற்கும் வாய்ப்பை எல்லா நிறுவனங்களும் தர வேண்டும். உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் நிலைமையைச் சீராக்கும் வரை மட்டும், அதுவும் ஒரு சிறு தொகை வரை என்ற இப்போதைய வாசகம் 70 வயதுக்காரருக்குக் காகிதமாகத்தான் இருக்கிறது. மாத்திரை எதுவும் சாப்பிடாத 70 வயதுக்காரர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்?

நிலையான உடல்நிலை என்பதற்கு ஒரே வரையறை வேண்டும் என்றும் கேட்கிறோம். கனடாவில் விற்கும் பாலிசிகளில் பயணத்துக்கு முந்தைய 90 அல்லது 180 நாளில் நோயிலும் மருந்திலும் மாற்றம் இல்லாதிருந்தால் அந்த நோயை ஏற்கும் முறை பரவலாக உள்ளது. அந்த முறையை இங்கே கொண்டுவரும்போது ஒரு திருத்தம் அவசியம். அங்கே மருந்தின் அளவைக் குறைத்தாலும் அது மாற்றமாகவே கொள்ளப்படுவது உண்டு. அழுத்தம் கட்டுக்குள் வந்துவிட்டது, பாதி மாத்திரை போதும் என்று மருத்துவர் சொல்வது நோயாளிக்கு நல்ல செய்தி. அதுவே அவருடைய காப்பீட்டைப் பறித்துவிடக் கூடாது. அளவு குறைப்பதும், ஒரே மருந்தை வேறு கம்பெனிப் பெயரில் வாங்குவதும் மாற்றம் ஆகா என்று விதியிலேயே எழுதப்பட வேண்டும்.

பிரீமியத்துக்கு வருகிறோம். வயது ஏற ஏறக் கட்டணம் ஏறும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை, சலுகை விலையும் கேட்கவில்லை. கணக்கு நேர்மையாக இருக்க வேண்டும் என்பதே கோரிக்கை. இப்போது பல அட்டவணைகளில் 60, 70, 80 என்று படிக்கட்டு போல் கட்டணம் எகிறுகிறது. பிறந்த நாளுக்கு மறுநாள் உடம்பு அப்படி மாறிவிடுவதில்லை. வயது ஒவ்வொன்றுக்கும் படிப்படியாகக் கூடும் அட்டவணையை நிறுவனங்கள் ஆணையத்திடம் தாக்கல் செய்ய வேண்டும். 60 வயதைக் கடந்தோரிடம் பயணப் பாலிசியில் வாங்கிய பிரீமியம் எவ்வளவு, கொடுத்த கிளைம் எவ்வளவு என்பதை வயது வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். அந்தக் கணக்கு கட்டண உயர்வை நியாயப்படுத்தினால் மறுபேச்சில்லாமல் கட்டுவோம்.

போகும் நாட்டையும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். அமெரிக்கா, கனடா இரண்டையும் ஒரே வட்டத்தில் போட்டுக் கட்டணம் வாங்குவது கனடாவுக்குப் போகிறவருக்குச் சுமை. சிங்கப்பூருக்கும் கொழும்புக்கும் ஒரே ஆசியக் கட்டணம் என்பதும் பொருத்தமில்லை.

பாலிசியின் உள்ளமைப்பு தலைகீழாக இருக்கிறது என்பதையும் பதிவு செய்கிறோம். சளிக்கும் காய்ச்சலுக்கும் ஆகும் செலவை எங்கள் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். குடும்பத்தையே சாய்த்துவிடும் பெரிய பில்தான் எங்கள் பயம். அமெரிக்காவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டப்படி அவசர நிலையில் வந்தவரைப் பணம் இல்லை என்று மருத்துவமனை திருப்பி அனுப்பாது. நிலைமை சீராகும்வரை பார்க்கும். ஆனால் பில் பின்னாலேயே வரும். மருத்துவமனைக்கு ஒன்று, அவசரப் பிரிவு மருத்துவருக்கு ஒன்று, ஸ்கேன் படித்தவருக்கு ஒன்று, ஆம்புலன்ஸுக்கு ஒன்று எனத் தனித்தனியாக, ஊர் திரும்பிய பிறகும் வந்துகொண்டிருக்கும். இன்றைய பாலிசிகள் சிறு செலவை ஏற்றுப் பெரிய செலவில் உள்வரம்பு வைக்கின்றன. இதைத் திருப்ப வேண்டும். முதல் 1,000 அல்லது 2,500 டாலரை நாங்களே ஏற்கிறோம் என்ற தெரிவைக் கொடுத்துப் பிரீமியத்தைக் குறையுங்கள். அதற்கு மேல் முகப்பில் எழுதிய தொகை வரை உள்வரம்பு இல்லாமல் கொடுங்கள். வயதை மட்டும் காரணமாக வைத்துப் போடப்படும் உள்வரம்புகள் அறவே நீக்கப்பட வேண்டும். நிறுவனம் ஏதேனும் வரம்பு வைத்தே தீருமானால் அது முதல் பக்கத்தில், காப்பீட்டுத் தொகைக்கு நேர் கீழே, அதே அளவு எழுத்தில் இருக்க வேண்டும்.

செலவைக் குறைக்கும் வழி ஒன்றையும் முன்வைக்கிறோம். அங்கே ஆபத்திலிருந்து மீட்டு, பயணத்துக்குத் தகுதியானதும் மருத்துவத் துணையோடு ஊருக்கு அழைத்துவந்து, மீதிச் சிகிச்சையைத் திருச்சியிலோ சென்னையிலோ வேலூரிலோ செய்வதற்கான இணைப்புப் பாலிசி வேண்டும். ஸ்டென்ட் வைப்பதற்கும் மூட்டு அறுவைக்கும் இங்கே ஆகும் செலவு அங்கே ஆவதில் சிறு பங்குதான். நிறுவனத்துக்கும் இது லாபம். எங்களுக்கோ நம் ஊர் மருத்துவர், நம் மொழி, நம் வீட்டுச் சாப்பாடு. பயணத்துக்குத் தகுதியில்லை என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கும் நாள்களுக்குப் பாலிசி தானாக நீள வேண்டும் என்பதும் இதிலேயே அடங்கும்.

விசாவுக்காக மட்டும் எடுக்கும் பாலிசிகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஷெங்கன் நாடுகள் குறைந்தது 30,000 யூரோ காப்பு கேட்கின்றன. பெற்றோருக்கான கனடாவின் சூப்பர் விசாவுக்கு ஓராண்டுக்கு 1,00,000 கனடிய டாலர் காப்பு வேண்டும். அமெரிக்கச் சுற்றுலா விசாவுக்குக் காப்பீட்டு நிபந்தனையே கிடையாது. அதனால் செலவு மிக அதிகமான நாட்டுக்குத்தான் எங்கள் வயதினர் பலர், பிரீமியத்தைப் பார்த்து மலைத்து, பாலிசியே இல்லாமல் போகிறார்கள். உள்நாட்டுக்கு ஆரோக்கிய சஞ்சீவனி என்ற தரப்படுத்திய பாலிசியை 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களும் விற்கச் செய்தீர்கள். வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் தொழிலாளர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா இருக்கிறது. அதேபோல் மூத்த பயணிகளுக்கென ஒரே வாசகம் கொண்ட ஒரு தரப்படுத்திய பாலிசி வேண்டும். 80 வயதுக்கு மேற்பட்டவரும் அதை வாங்க முடிய வேண்டும். கனடா 28.01.2025 முதல் தன் நிதி நிறுவனக் கண்காணிப்பு அமைப்பின் அனுமதி பெற்ற வெளிநாட்டு நிறுவனங்களின் பாலிசியையும் சூப்பர் விசாவுக்கு ஏற்கிறது. அந்த அனுமதியைப் பெற நம் நிறுவனங்களை ஆணையம் ஊக்குவிக்க வேண்டும்.

காப்பு கொடுக்க மறுக்கும் நிறுவனம், அதைக் கொடுக்கும் நிறுவனத்தையாவது காட்ட வேண்டும். பிரிட்டனில் 2021 ஏப்ரல் முதல் இது கட்டாயம்: தீவிர நோய் காரணமாகப் பயணக் காப்பு மறுக்கப்படுபவருக்கு, அத்தகையோரை ஏற்கும் நிறுவனங்களின் பட்டியலைச் சுட்டிக்காட்டியாக வேண்டும். அத்தகைய பட்டியலை ஆணையமோ கவுன்சிலோ பராமரிக்கலாம்.

கிளைம், வாடிக்கையாளர் சேவை குறித்து மூன்று வேண்டுகோள்கள். 29.05.2024 முதன்மைச் சுற்றறிக்கையின்படி மருத்துவமனை ஆவணங்களைத் திரட்டும் பொறுப்பு நிறுவனத்துடையது, ஆய்வுக் குழுவின் ஒப்புதல் இன்றிக் கிளைமை மறுக்கவும் கூடாது. வெளிநாட்டுக் கிளைம்களிலும் இவை அப்படியே பின்பற்றப்படுவதை உறுதிசெய்ய வேண்டும். 24 மணி நேர உதவி எண்ணில் தமிழில் பேச ஆள் இருக்க வேண்டும். வாடிக்கையாளர் தகவல் தாள், கேட்டால்தான் என்றில்லாமல், பணம் கட்டுவதற்கு முன்பே தமிழில் கைக்கு வர வேண்டும்.

இக்கோரிக்கைகளை நேரில் விளக்க எங்கள் பிரதிநிதிகள் ஐவருக்கு ஐதராபாத்திலோ சென்னையிலோ நேரம் ஒதுக்கித் தருமாறு வேண்டுகிறோம். மேலே குறிப்பிட்ட உறுப்பினர் உள்ளிட்டோரின் பாலிசி நகல்களும் நிறுவனங்களுடன் நடந்த கடிதப் போக்குவரத்தும் அவர்களின் சம்மதத்தோடு அப்போது ஒப்படைக்கப்படும். மனு மீது எடுக்கப்படும் நடவடிக்கையைச் சங்கத்துக்கு எழுத்துமூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,

தலைவர் செயலாளர்
மூத்த குடிமக்கள் சங்கம், திருச்சிராப்பள்ளி