கொக்கியின் வலிமை வாயில் இருக்கிறது

ஆக்லாந்தின் மனுரேவாவில் தாவரவியல் தோட்டமும் டோட்டரா பூங்காவும் இருப்பதால், கயிற்றில் தொங்கியபடி கிளை வெட்டும் ஆட்களுக்கு அங்கே வேலை குறைவதில்லை. அவர்களில் யாராவது கீழே விழுந்தால் கயிறு அறுந்ததோ என்றுதான் முதலில் கேட்போம். ஆளைக் கயிற்றோடு இணைக்கும் உலோகக் கொக்கியான காரபினரின், திறந்து மூடும் வாயைப் பற்றி யார் கேட்கிறார்கள்? மலையேற்றக் காரபினருக்கான ஐரோப்பியத் தர விதி, வாய் மூடி நீளவாக்கில் இழுபட்டால் 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது. ஏறத்தாழ இரண்டு டன் எடை. வாய் திறந்திருந்தாலோ குறுக்கே இழுபட்டாலோ வெறும் 7 போதும். கொக்கியின் உடம்பில் பொறித்த பெரிய எண்ணைப் பார்த்து நிம்மதி அடைவது, ஆகவே, பாதி உண்மையை நம்புவதுதான். வாயை மூடி வைக்கும் திருகுப் பூட்டோ கயிறும் கிளையும் உரச உரசக் கழன்றுவிடக்கூடியது. ஆளைத் தாங்கும் இடத்தில், மூன்று அசைவில் திறந்து தானே பூட்டிக்கொள்ளும் கொக்கிதான் வேண்டும்.

அது கையைத் தாமதப்படுத்தும், பிசினும் மரத்தூளும் அடைத்தால் சிக்கும் என்பார்கள். உண்மைதான். அதற்கு மருந்து கழுவித் துடைப்பது, பூட்டைக் கைவிடுவதல்ல. தாமதம் சில நொடி. அனுபவசாலிக்கு இதெல்லாம் எதற்கு என்ற வாதம் இன்னும் பலவீனமானது: உரசலுக்கு அனுபவம் தெரியாது. நியூசிலாந்தின் 2015 பணியிடப் பாதுகாப்புச் சட்டம் முதல் பொறுப்பைத் தொழில் நடத்துபவர்மீதே வைக்கிறது. தானாகப் பூட்டிக்கொள்ளாத கொக்கியைக் கொடுத்து ஆளை மரமேற்றும் முதலாளி, அந்தப் பொறுப்பைத் தட்டிக்கழிக்கிறார்.