பிரியாணிப் பொட்டலம் கூலி ஆகாது

போன ஐப்பசியில் திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஒரு சேரியில் படப்பிடிப்பு நடந்தது. கூலிப் போராட்டம் பற்றிய படம். எடுத்தவர்கள் நம் மேடைகளில் பேசுகிறவர்கள். பண்ணையாள் கூலி பற்றிய முனைவர் பட்ட ஆய்வுக்காக அந்தத் தெருவில் இரண்டு வருடமாகத் திரிகிறேன். அதனால் ஆள் கூட்டும் வேலை என்னிடம் வந்தது. 20 பெண்கள், 11 பிள்ளைகள். பெருமையோடு கூட்டிக் கொடுத்தேன். (கங்காணி என்று என்னைத் திட்டுவதானால் திட்டலாம்.)

காலை ஆறு மணிக்குச் சேற்றில் இறங்கிய பிள்ளைகள் இருட்டும்வரை நின்றார்கள். நடவுக்குப் போயிருந்தால் கிடைக்கும் கூலியில் பாதிதான் பெண்களுக்கு. பிள்ளைகளுக்குப் பிரியாணிப் பொட்டலமும் ஆளுக்கொரு நோட்டும். ஜெனரேட்டர் வாடகை மட்டும் அன்றைக்கே பைசல் ஆனது. மறுநாள்தான் எனக்கு வாய் வந்தது, கேட்டேன். "இது நம்ம படம், தோழர்" என்றார்கள்.

நம்ம படம் என்றால் நம்ம பிள்ளைக்குக் கூலி கிடையாதா?

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டது. 2017 விதிகளின்படி 14 வயதுக்குட்பட்ட பிள்ளையைப் படத்தில் நடிக்க வைக்க மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நாளுக்கு 5 மணி நேரம்தான் வேலை. ஓய்வில்லாமல் 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. வருமானத்தில் 20 சதவீதமாவது பிள்ளை பெயரில் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் ஃபிக்சட் டெபாசிட்டாகப் போக வேண்டும். வருமானமே பிரியாணி என்றால் அதில் எந்த எலும்பை டெபாசிட் செய்வது? இதைச் சொன்னதும் அடுத்த பதில் வந்தது: "அவங்க நடிகர்கள் இல்ல, கூட்டம்."

இந்தப் பதில் எனக்குப் பழக்கமானது. 1952இல் தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் பண்ணையாளுக்குக் கூலியை நிர்ணயித்தது. மிராசுதார்கள் பலர் பண்ணையாளை நிறுத்திவிட்டு அன்றாடக் கூலிக்கு ஆள் வைத்துக்கொண்டார்கள். வயல் அதேதான், வேலையும் அதேதான். பண்ணையாள் என்ற பெயர் போனதும் பாதுகாப்பும் போனது.

"ஆசைப்பட்டுத்தானே வந்தாங்க" என்கிறார்கள். கேமராமேனும் ஆசைப்பட்டுத்தான் வந்தார். அவரிடம் பொட்டலத்தை நீட்டிப் பாருங்கள். காசு இல்லையா, கூட்டத்தைக் குறையுங்கள். பத்துப் பேரை வைத்து எடுங்கள்.

31 பேரின் வேலை நேரம், தர வேண்டிய தொகை எல்லாம் எழுதி அனுப்பியிருக்கிறேன். பணம் வரும்வரை அவர்களோடு எந்த மேடையிலும் ஏற மாட்டேன். அடுத்த படத்துக்கு ஆள் கேட்டு என்னைக் கூப்பிடுகிறவர்கள் ஆட்சியரின் அனுமதிக் கடிதத்தை முதலில் அனுப்புங்கள்.